காலி செய்ய பதினான்கு நாள்

வடாலாவில் இருபத்திரண்டு மாடிக்கும்
லிஃப்ட் இன்னும் வரவில்லை.
லிஃப்டுக்கான குழி வந்துவிட்டது,
இடுப்பளவு மழையோடு.

கரண்டியைச் சாய்த்து முகர்ந்தேன்.
தண்ணீரோடு தண்ணீராய்ப் படுத்திருந்தன ஏழு,
வெட்டிப்போட்ட நகத்துணுக்கு மாதிரி.
தலைகீழாய்த் தொங்கினால் வேறு கொசு.
இவை படுக்கும். இவைதான்.

"கான்கிரீட் ஆற தண்ணி வேணும் மேடம்,"
என்றார் இன்ஜினியர் பாவ்ஸ்கர்.
வேணும்தான்.
நோட்டீஸில் உங்கள் கையெழுத்தும் வேணும்.

தகரக் கொட்டகையில் கடைசிப் படுக்கை சுபல் மண்டலுக்கு.
மால்டாக்காரன், கம்பி கட்டுகிறவன்.
திங்களன்று அவன் பல் அடித்துக்கொண்டதைத்
தகரம் திருப்பிச் சொன்னது.
விரலில் எடுத்த ஒரு துளி
கண்ணாடியில் காய்வதற்குள்
மூன்று கம்பளி கேட்டான்.
வைவாக்ஸ்.

மூன்றே நாளில் காய்ச்சல் போய்விட்டது.
பிரச்சினையே அதுதான்.

இன்று மாத்திரை அட்டையில்
நான்காவது குமிழ் உடையவில்லை.
"அதான் போயிடுச்சே தீதி?"

தாராவித் தமிழ் கலந்த என் இந்தியில் சொன்னேன்:
சத்தம் போட்டவனைத்தான் துரத்தியிருக்கோம்.
இன்னொருத்தன் உன் ஈரலில்
பகடி வீட்டுக்காரன் மாதிரி படுத்திருக்கான்.
தட்டினால் திறக்கமாட்டான்.
நீ ஊருக்குப் போய்
தங்கச்சி கல்யாணப் பந்தியில் உட்காரும்போது
எழுந்து வருவான்.
அவனைக் காலி செய்ய பதினான்கு நாள்.
பதிமூன்று போதாது.

சிரித்தான். விழுங்கினான்.
வெறும் வயிற்றில் கூடாதென்று
முன்னால் வாங்கிக்கொடுத்த வடாபாவ் என் காசு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மூத்திரம் கட்டஞ்சாயா நிறத்தில் போனால்
மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வா என்றேன்.
அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்தால்
என் நீல டிரம்முக்கு மூடியில்லை.
யாரோ அதில் மீன் காயவைத்திருந்தார்கள்.
ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுக்கிற நான்
பழைய சேலையை இரண்டாய் மடித்து
இறுக்கிக் கட்டினேன்.

ஒன்பதாம் நாள் அவனைப் பன்வேலுக்கு ஏற்றிவிட்டார்கள்,
லாரியில், கம்பிகளோடு.
மிச்ச மாத்திரை சட்டைப் பையில்.
அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்கு வீடியோ கால்.
முதலில் காலி சாப்பாட்டுத் தட்டு,
அப்புறம் மாத்திரை.

பதினான்காம் நாள்
நாக்கை நீட்டினான், மேலே மாத்திரை.
நெட்வொர்க் அப்படியே நின்றுவிட்டது.
திரையில் வெகுநேரம்
அந்த நாக்கு, அந்த மாத்திரை,
பின்னால் கொசுவலையின் ஒரு மூலை.

படிவத்தில் டிக் போட்டேன்,
பென்சிலால்.