நேற்றைய தோட்டம்

ஆலங்கட்டி விழுந்தது ஜூலை பத்தொன்பது, மாலை ஆறேகால்.
அலஸானி ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஏழே நிமிடம்.
திபிலிசியில் எங்கள் அலுவலகக் கண்ணாடியில்
ஒரு துளிகூட இல்லை.

த்சியாலாவின் மனு
எட்டு நாளாக உள்ளே கிடக்கிறது.
ஏற்கவில்லை, மறுக்கவில்லை,
பிழை என்று பதிவேட்டில் ஒரு சிவப்பு வரி இல்லை.
கிணற்றில் போட்ட கல்.

விதிகளை எழுதியவர் மால்காஸ்.
முப்பது வருடம் கொடி கொடியாகக் குனிந்து
சேதம் பார்த்த மனிதர். நிரல் தெரியாது,
வாக்கியம் தெரியும்:
கல் அக்ரூட் காயைவிடப் பெரிது என்றால்,
அறுவடைக்கு நாற்பது நாளுக்குள் என்றால்,
வலை போட்டும் தப்பவில்லை என்றால்,
பாதி கொடு.

மிச்சத்தை எழுதியது நான்.
மாவட்டத்துக்கு ஒரு படிவம், பருவத்துக்கு ஒரு திருத்தம்;
குர்ஜானியில் கல்லின் அளவு கேட்பார்கள்,
சிக்னாகியில் காற்றின் திசையும்.
அத்தனைக்கும் முன்கூட்டி அச்சு வார்க்க என்னால் ஆகாது.
படிவத்தைப் படித்து, ஓடுகிற ஓட்டத்திலேயே
'தோட்டம்' என்றொரு வடிவத்தைத்
தானே செய்துகொள் என்று விட்டுவிட்டேன்.
பிள்ளை பிறக்குமுன் பெயர் வைக்காதே என்பார்கள்.
மால்காஸின் விதிகள் முழுக்க
பிறக்காத பிள்ளைகளின் பெயர்கள்.

இரவு இரண்டு மணி.
ஹாதுனா காலணியைக் கழற்றிவிட்டு
நாற்காலிமேல் சம்மணமிட்டிருந்தாள்.
அவள்தான் கண்டுபிடித்தாள்:
பதினெட்டாம் தேதி இரவு யாரோ படிவத்தில்
ஒரு கட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.
'வலை உண்டா' என்ற கேள்வி
விருப்பமிருந்தால் நிரப்பு என்பதிலிருந்து
கட்டாயம் நிரப்பு என்று மாறியிருக்கிறது.
வடிவம் மறுபடி பிறந்தது.
விதிகளை யாரும் எழுப்பவில்லை.
அவை நேற்றைய தோட்டத்துக்காக
வாசலில் நிற்கின்றன இன்னும்.
வருவதெல்லாம் இன்றைய தோட்டம்.
அதே பெயர், அதே ஹெக்டேர், அதே ர்காட்சிதெலிக் கொடி,
எழுத்துக்கு எழுத்து ஒன்று.
இயந்திரத்துக்கு மட்டும் முன்பின் தெரியாத ஆள்.

"தோட்டத்தைத் தோட்டமாக மாற்ற இயலாது"
என்றது சோதனைக் கணினி.
ஹாதுனா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து நானும்.

வடிவமும் விதியும் இனி
ஒரே கூட்டில், ஒரே மூச்சில் பிறக்கட்டும் என்று வைத்தோம்.
வேலை என்னவோ பதினோரு வரி.
நாலு மணிக்கு, தகரக் கூரையில் மழை பிடித்தாற்போல்,
சடசடவென்று இருநூற்றுப் பதினான்கு மனுக்கள் நகர்ந்தன.

த்சியாலாவுடையது நகரவில்லை.

அவள் நிரப்பியது பழைய அச்சுத் தாள்.
வலைக் கட்டமே அதில் கிடையாது.
தட்டச்சு செய்தவர் காலியாக விட்டிருந்தார்.
காலி என்றால் இல்லை என்று கொள்கிறது இயந்திரம்.
இல்லை என்பதற்கும் யாரும் கேட்கவில்லை என்பதற்கும் நடுவே
இரண்டு ஹெக்டேர் திராட்சை
நசுங்கிக் கிடந்தது.

காலையில் மால்காஸ் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல்
தொலைபேசியை எடுத்தார்.
அவள் குரல் எங்கள் மேசை வரை கேட்டது:
"வலையா? இருந்ததே! முதலில் கிழிந்ததே அதுதான்.
இப்போது பக்கத்து வீட்டுக் கோழிகள்
அதன்மேல் நடந்து திரிகின்றன."

அன்று அவர் தந்த விதி ஒரே வரி:
வலைக் கட்டம் காலி என்றால் மால்காஸைக் கூப்பிடு.

என் வடிவத்தில் மால்காஸ் என்று எவரும் இல்லை.
ஒரு கட்டம் சேர்த்தேன்.
சேர்த்த கையோடு
விதிகளையும் எழுப்பிவிட்டேன்.