47.3 டெசிபல்

இரவு இரண்டேகால். தெங்கா.
புளோக்குக்கும் கட்டுமானத் தளத்துக்கும் நடுவே
முக்காலியில் நிற்கிறது என் கருவி,
பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு.
ஐம்பத்தைந்தைத் தாண்டினால் எழுத வேண்டும்.
தாண்டவில்லை. தவளை, தூரத்து விரைவுச்சாலை,
ஏழாம் மாடியில் யாரோ தும்மியது.

பத்தாம் மாடி மேடம் குவெக்
பதினோராவது முறையாகப் புகார் செய்திருக்கிறார்:
ராத்திரியில் இடிக்கிறார்கள்.
யாரும் இடிக்கவில்லை மேடம்.
பைலிங் எந்திரம் ஏழு மணிக்கே
கழுத்தைத் தொங்கப் போட்டுத் தூங்கிவிட்டது.

விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஹெட்ஃபோனில் ஹஸ்ரின் அனுப்பிய ஆல்பம்.
தலைவலி வந்தால் என்னைத் திட்டாதே என்றிருந்தான்.

முதல் பாட்டு
பாட்டாகவே தொடங்கவில்லை.
லாரி ஒன்று பின்பக்கமாக வருவதுபோல
பேஸ் வந்தது; நகர்ந்துகொள்ள இடம் தேடினேன்.
பிறகு அந்தத் தாளம், ஜமைக்காவிலிருந்து:
தகிட தகிட தக
தகிட தகிட தக
இடுப்பைத் தேடும் எட்டு.
இது எனக்குத் தெரியுமே என்று கை
தொடைக்குப் போவதற்குள்
அதன் தலைமேலேயே இறங்குகிறது
தா தா தா தா
நிமிடத்துக்கு நூற்றெண்பது,
மூச்சுவிட இடம் வைக்காத
ஏதோ ஓர் ஐரோப்பியக் கிடங்கின் இரும்பு.

அடித்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்.
ஒன்று நொண்டுகிறது, ஒன்று ஓடுகிறது.
எட்டு எண்ணுவதற்குள் இரண்டே இடத்தில்
சேர்ந்து கால் வைக்கின்றன.
அந்த இரண்டுக்காகத்தான்
மற்ற ஆறையும் தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பாடுகிறவன் கத்துகிறான்.
ஆங்கிலம்தான்; யாரோ வாயில் திணித்ததை மென்று
தன் பல்லுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்ட ஆங்கிலம்.
நாங்களும் அப்படித்தான், லா போட்டு.
பத்துச் சொல்லில் ஒன்று புரிந்தது: போலீஸ்.
இன்னொன்று: அம்மா.
அதையும் நறுக்கி
ம்மா ம்மா ம்மா ம்மா என்று சுட வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் பாட்டில் ஏனோ தைப்பூசம்.
காவடியோடு உறுமி வரக்கூடாது என்றிருந்த வருஷம்
அண்ணன் குணாளன்
வாயாலேயே அடித்துக்கொண்டு நடந்தான்,
கோயிலிலிருந்து கோயில்வரை.
மறுநாள் அவனுக்குப் பேச்சே வரவில்லை.

கருவியைப் பார்த்தேன். 47.3.
என் மண்டைக்குள் ஓர் ஊரே இடிகிறது,
பக்கத்தில் நின்றுகொண்டு
47.3 என்கிறது.
அதன்மேல் தப்பில்லை.
அதற்குப் பழக்கியிருப்பது காற்றை மட்டும்தான்.

நாற்பத்தொரு நிமிடம்.
கடைசிப் பாட்டு முடியவில்லை,
கரண்ட் போனதுபோல நின்றது.
ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

தா தா தா தா

தளத்தில் ஒரு விளக்கு. ஒரு பூனை.
காதில், தாடையில், மடக்கு நாற்காலியின் காலில்
தா தா

பகல் பகலாக, எட்டு மாதம்,
சுவரோடு சேர்த்து
அந்தம்மாவையும் இடித்திருக்கிறார்கள்.

பத்தாம் மாடியில் விளக்கு எரிந்தது.
சன்னலில் ஓர் உருவம்.
கையை உயர்த்தினேன்.
அவர் உயர்த்தவில்லை, உள்ளேயும் போகவில்லை.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி.
நாலு வருஷத்தில் ஒரு எழுத்தும் இட்டதில்லை.
எனக்கும் கேட்டது
என்று தட்டி அனுப்பினேன்.

நாளைக்கு ஆபீசில் கூப்பிட்டுக் கேட்பார்கள்,
என்ன கேட்டது என்று.
தொடையில் தட்டித்தான் காட்ட வேண்டும்.