இரண்டு கோடு

மகால் ஐந்தாவது தெருவில்
மாடியறைக்கு வாடகை நாலாயிரத்து இருநூறு.
தண்ணீருக்குத் தனி, கரண்டுக்குத் தனி.
பாத்ரூம் ஜன்னலோரம் நின்றால் மட்டும்
இரண்டு கோடு காட்டும்
எதிர்வீட்டு குப்பாராம் சாரின் வைஃபை
எந்தக் கணக்கிலும் வராதது.

அது கடவுச்சொல் கேட்கவில்லை.
நானும் அவரைக் கேட்கவில்லை.

இது திருட்டா என்று ஒருநாள் தேடினேன்,
அவர் நெட்டில்தான்.
சட்டம் முழுசாக இறங்கும் முன்
சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது.

நேற்று ராத்திரி
லுங்கியை மடித்துக் கட்டி வாசலில் நின்று
கம்பெனிக்காரனைப் பிடித்துக் கத்தினார்:
"மாசம் அறுநூறு வாங்குறீங்கல்ல?
மஸ்கட்லருந்து மக பேசுறா,
மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்குதுய்யா!"

என் கையில் ஒரு படம்
எண்பத்திரண்டு சதவீதம் இறங்கியிருந்தது.

நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து சௌராஷ்ட்ரத்தில்
யாரோ சந்தோஷமாகக் கூவினார்கள்.
"ஆங்... வந்துருச்சு, வந்துருச்சு.
ரொம்ப நன்றி தம்பி. ஒம் பேரென்ன?"
என்றார் போனில்.

விளக்கணைத்த ஜன்னலில்
என் பெயர்
நாக்கு நுனிவரை வந்தது.

படத்தில்
இன்னும் பதினெட்டு பாக்கி.