மூன்று முறை நெகட்டிவ்

காரைக்குடி அரசு மருத்துவமனையில்
சளிப் பரிசோதனை அறை கடைக்கோடியில்,
சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி.
டப்பாவின் மூடியைத் திறக்கும்போது
மூச்சை நிறுத்திக்கொள்வேன்.
பதினோரு வருடப் பழக்கம்.

சூசையப்பனின் டப்பாவில்
நூல் நூலாக இரத்தம்.
சிவப்புச் சாயம் ஊற்றி, சூடு காட்டி,
அமிலத்தில் அலசி, நீலம் விட்டுப் பார்த்தேன்.
நீலம். நகர்த்திய இடமெல்லாம் நீலம்.
நான் தேடும் சிவப்புக் குச்சி
ஒன்றுகூட இல்லை.

மறுவாரம் இன்னொரு டப்பா. நீலம்.
மூன்றாவதை மெஷினிலும் போட்டோம்.
எழுதி எழுதி அவர் பெயர் என் கைக்குப் பழகிவிட்டது:
சூசையப்பன், 54, தேவகோட்டை, உடற்கல்வி ஆசிரியர்,
நெகட்டிவ்.

எக்ஸ்ரேயில் இடது மேல்பக்கம் வெளுத்திருந்தது.
இருமலில் இரத்தம் வந்தால்
இங்கே அதற்கு ஒரே பெயர்தான்.
மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள்.
சிறுநீர் ஆரஞ்சாகப் போனது.
மூச்சு திரும்பவில்லை.

"கபடிக்கு நடுவர் நான், நிஷாம்மா.
பாடிப் போறவன் மூச்சை எண்ணுறது என் வேலை.
இப்ப என் விசில் பாதியில நிக்குது.
இதை யாரு எண்ணுறது?"
சிரித்தார். சிரிப்பும் பாதியில் நின்றது.

சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது மாத்திரை அட்டை.
எனக்குத் தெரிந்த அட்டை;
கடைசிக் காலத்தில் அத்தா விழுங்கியது.
"நெஞ்சுக்கு ஏதும் செஞ்சீங்களா?"

"அது சரியாப் போச்சே!
படபடன்னு தாறுமாறா அடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு.
மதுரையில தொடை வழியா ஒயர் விட்டுச் சூடு வச்சாங்க.
எட்டு மாசம் ஆச்சு, அடிப்பு அடங்கிருச்சு.
அதுக்கும் இதுக்கும் என்ன?"

அதற்கும் இதற்கும்
ஒரு விரல் அகலம்கூட இல்லை.

நுரையீரலிலிருந்து இதயத்துக்கு நாலு சிரைகள்.
மற்றவை கறுத்த இரத்தம் சுமக்க
இவை மட்டும் காற்று கலந்ததைச் சுமப்பவை.
இவற்றின் வாயைச் சுற்றித்தான் சூடு வைப்பார்கள்,
தப்புத் துடிப்பு அங்கேயே அடங்கட்டும் என்று.
ஓர் அரிசி நீளம் உள்ளே போய்விட்டால்
புண் ஆறும்.
ஆறிய இடம் தடிக்கும், இறுகும்.
ஆறுவதுதான் நோய்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.
அன்று படிவத்தின் பின்பக்கம்
"எட்டு மாதம் முன் இதயத்தில் சூடு" என்று மட்டும்
எழுதிக் கொடுத்தேன்.
டாக்டர் கமலக்கண்ணன் படித்துவிட்டு
என்னைப் பார்க்கவில்லை,
எக்ஸ்ரேயை ரொம்ப நேரம் பார்த்தார்.

மருந்தேற்றி எடுத்த சி.டி.யில்
மூன்று சிரைகள் சுண்டுவிரல் தடிமன்.
இடது மேல்சிரை, இதயத்தைத் தொடும் இடத்தில்,
ஊசியில் கோக்க எச்சில் தொட்டு முறுக்கிய நூல்முனை.

படத்தைப் பார்த்து அவரே சொன்னார்:
"மடை அடைச்சுக்கிச்சு.
வடிய வழியில்லாம மேவயல் ஊறுது.
நீங்கள்லாம் பயிர்ல பூச்சி தேடிக்கிட்டு இருந்திருக்கீங்க."
கோபமில்லாமல்தான் சொன்னார்.
எனக்குச் சுட்டது.

மதுரையில் மறுபடி அதே தொடை.
இதயத்தின் நடுச்சுவரில் துளையிட்டு,
சிரைக்குள் பலூன் ஊதி,
விரிந்த இடத்தில் வலைக்குழாய் நிறுத்தி.
"இந்தத் தடவை ஊதினது அவங்க" என்றார் போனில்.

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை;
சவரத்தில் கீறினால் அரைமணி ஒழுகுகிறதாம்.
திறந்த சிரை திரும்பச் சுருங்குவதும் உண்டு,
சிலருக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை.
ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன்.
இதை வீட்டில் சொல்லவில்லையாம்.
என்னிடம் ஏன் சொன்னார், தெரியவில்லை.

நேற்று வராந்தாவில் விசில் சத்தம்.
செக்யூரிட்டி கத்துவது கேட்டு
கையுறையோடு வெளியே ஓடினேன்.
கழுத்துக் கயிறும் ஷூவுமாக நிற்கிறார்.
"எண்ணுங்க" என்று மறுபடி ஊதினார்.
எண்ணினேன், என்னையறியாமல் மூச்சடக்கி.

பதினாலு.

"முப்பது வரணும்" என்று
விசிலை வேட்டியில் துடைத்தார்.