இரைச்சல் நீக்கி

மென்பொருளுக்குக் கடலைப் பிடிக்காது.
தொழிலுக்கு வந்த மூன்றாம் மாதமே கண்டுகொண்டேன்.
சுவரை ஒருமுறை அனுப்பினால் போதும்,
அசையாதவரை அதையே வைத்து ஒப்பேற்றிவிடும்.
பீடம், தூண், சுரூபம்,
முன்வரிசையில் தூங்குகிறவர்கள்
எல்லாம் லாபம்.
கடல் அப்படியில்லை.
நொடிக்கு இருபத்தைந்து படம்,
இருபத்தைந்திலும் வேறு கடல்.
கொடுக்கிற டேட்டா முழுவதையும் குடித்துவிட்டு
இன்னும் தா என்று நிற்கும்.

அதனால் இனயத்தில் கல்யாணம் என்றால்
ட்ரைபாடைக் கடல் பக்கம் திருப்புவதில்லை.

சத்தத்திலும் அதே கதை.
விடாமல் ஒரேபோல் கேட்பது எதுவோ
அது அதற்கு இரைச்சல்.
ஃபேன், ஜெனரேட்டர்,
அப்புறம் கடல்.
ஒரு கட்டத்தில் டிக் அடித்தால்
கோயிலுக்குப் பின்னால் நூறடியில் கிடக்கிற சமுத்திரம்
இல்லாமல் போகும்.
அடித்துத்தான் வைத்திருந்தேன்.

பெல்சிட்டாவின் கல்யாணம்.
அண்ணன் வியானி வரவில்லை.
பஹ்ரைனில் படகு,
பாஸ்போர்ட் அரபியின் அலமாரியில்.
காலை ஒன்பதரைக்கே கூப்பிட்டான்.
"எக்கா, லிங்கு தொறந்தாச்சு. கருப்பா கெடக்கு."
"இன்னும் தொடங்கல்ல. கருப்பாத்தான் இருக்கும்."
"அப்ப செரி. கருப்பு நல்லா வருது."

நாற்பத்தியொரு பேர் பார்த்தார்கள்.
குவைத், ஷார்ஜா,
கால் ஒடிந்து ஆற்றூரில் கிடக்கிற ஒரு சித்தப்பா.
பூசை பாதியில் வியானிக்குப் படம் சுற்றத் தொடங்கியது.
இரண்டாயிரத்து ஐந்நூறில் இருந்ததை
எண்ணூறுக்கு இறக்கினேன்.
பிறகு முந்நூற்றைம்பது.
மற்ற நாற்பது பேருக்கும் மங்கும் என்று
தெரிந்தேதான் செய்தேன்.
முதலில் நகை போயிற்று,
அடுத்து சேலைக்கரை, அடுத்து மூக்கு.
மாப்பிள்ளை மீசை ஒற்றைக் கறுப்புச் சதுரம்.

தாய்மாமன் வியர்த்தபடி வந்தார்:
"நாப்பத்தஞ்சு பவன் போட்டிருக்கோம் பிள்ளே,
ஒண்ணையும் காணல்லண்ணு குவைத்திலேந்து கேக்கியான்."
நெட்டு சரியில்லை என்றேன்.
நெட்டின் மேல் போடாத பழி உண்டா.

"கட்டியாச்சா?" என்று வியானி எழுதினான்.
"கட்டியாச்சு" என்று எழுதிவிட்டேன், மடத்தனமாக.
அவனுக்கு இன்னும் இருபத்திரண்டு நொடி பாக்கி.
தாலி கையில் ஏறும் முன்னே
தங்கச்சி கல்யாணத்தை நான் முடித்து வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் பதிவு.
ஹெட்போனில் கேட்டேன்.
"படம் கெடக்கட்டும் எக்கா, சத்தம் தெளிவாத்தான் இருக்கு.
ஆனா இது நம்ம கோயிலுதானா?
மார்த்தாண்டத்தில எதோ மண்டபம் போல கேக்குது.
இங்கயும் கடலுதான்.
ஆனா இது வாய தொறக்காது."

டிக்கை எடுத்தேன்.
அதுவரை சாமியார் மூச்சு விடும்போதெல்லாம்
தரைக்கு வந்த பச்சைக்கோடு
அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.
பாதிரியார் பேசினார், அதன் மேல் கடல்.
பாட்டுக்குழு இழுத்தது, அதன் அடியில் கடல்.
குவைத்திலிருந்து உடனே செய்தி:
"மைக்கில் காற்று அடிக்கிறது, சரிசெய்யவும்."
ஆற்றூரிலிருந்தும்.
வியானி ஒன்றும் எழுதவில்லை.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.
நாற்பத்தியொன்று பதினேழாகி, நாலாகி,
ஒன்றில் நின்றது.
காலியான பெஞ்சுகள், சாய்ந்த ஒரு பூச்சாடி,
அசையாத படம்.
இதற்கு முந்நூற்றைம்பதே அதிகம்.
கேமராவைக் கழற்றாமல்
வாசலுக்குத் தூக்கிப்போய்த் திருப்பினேன்.
திரை முழுக்கச் சதுரம் சதுரமாக நீலம்,
ஒன்றும் பிடிபடாமல் உடைந்து உடைந்து.

சாப்பிட வா என்று மூன்று முறை ஆள் விட்டார்கள்.
ஒன்று, ஒன்று என்றே காட்டிக்கொண்டிருந்தது.
அது வியானியா,
சரிபார்க்கத் திறந்து பையில் போட்ட
என் போன்தானா,
பையைத் திறந்து பார்க்கவில்லை.