வேர் எது என்று நிரல் கேட்கிறது

பதினொன்று நாற்பதுக்கு லெஹெல் வருகிறான்,
ஸெகெட் நகரத்துக் கல்தெருவின் நடுக்கம்
இன்னும் கைப்பிடியில் இருக்கிறது.
ஐஸ் பெட்டிக்குள் இரண்டு குப்பிகள்:
ஒன்றில் கட்டி. மற்றதில்
அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி
ஒன்றும் அறியாத குடல்.
சீட்டில் பெயர் கிடையாது.
பெண். அறுபத்தொன்று. இடப்பக்கப் பெருங்குடல். எண் பத்தொன்பது.

எமெகெ பிரிக்கத் தொடங்குகிறாள்.
முப்பத்தேழு டிகிரியில், நொதியில், நாற்பது நிமிடம்,
ஒன்றையொன்று பற்றியிருக்கும் கைகளை
விடச்சொல்லிக் கெஞ்சுவது போல.
அவசரப்பட்டால் செத்துப்போகும். தாமதித்தாலும்.
அந்த நேரத்தில் அவளிடம் யாரும்
லீவு பற்றிப் பேசுவதில்லை.

பிறகு ஒரு துளிக்கு ஒரு செல்,
ஒரு செல்லுக்கு ஒரு பார்கோடு.
கடைசியாக என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று
தனித்தனியே விசாரணை.

என்னிடம் வந்து சேர்வது வெறும் எண்கள்.
ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு செல்,
இருபதாயிரம் மரபணு,
பத்துக்கு ஒன்பது கட்டத்தில் பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் அது பேசவில்லை என்றா,
பேசியது நமக்குக் கேட்கவில்லை என்றா?
பதினோரு வருடமாக இதே வேலை.
இன்னும் எனக்குத் தெரியாது.

நல்ல குடல் சுலபம்.
பள்ளத்தின் அடியில் குருத்துச் செல்.
பிரியும், ஏறும், ஏற ஏற வேறாகும்:
ஒன்று சளி சுரக்கும், ஒன்று நீர் உறிஞ்சும்,
ஐந்தாம் நாள் வாக்கில் விளிம்புக்கு வந்து
யாரும் தள்ளாமலே உதிரும்.
திரையில் அது ஒரு வளைந்த பாதை,
பாலத்துக்கு முன் டிஸா ஆறு திரும்புவது போல.
வேர் எது என்று நிரல் கேட்கும்.
காட்டுவேன். அம்பு தானாகக் கிளம்பிப் போகும்.

எல்லாச் செல்லும் ஒரே மதியத்தில் நின்றவைதான்.
அவற்றை வரிசையில் நிறுத்திக்
காலம் என்று பெயர் வைக்கிறோம்.
பொய்யில்லை. கொஞ்சம் துணிச்சல்.

ஆனால் பத்தொன்பதின் கட்டியில்
குருத்தும் முதிர்ந்ததும் அடுத்தடுத்த புள்ளிகள்.
சளி சுரக்கப் பாதி கற்று நிறுத்தியவை,
முற்றிய பிறகு குருத்தின் பேச்சை
மறுபடி முணுமுணுப்பவை,
ஓரத்தில் இருநூற்றெட்டு செல்,
பிறக்காத சிசுவின் குடல் பேசும் மொழியில்.
வேரும் வேறும் ஒரே வாயால் பேசும் கூட்டம்.
வேர் எது?
இதை என்றேன், அம்பு மேற்கே போனது.
அதை என்றேன், கிழக்கே.
இரண்டு படமும் அழகாகவே இருந்தன.
எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

பேராசிரியர் தோர்தாய் நின்றபடியே பார்த்தார்:
"வேறாக மறுத்த செல்தான் புற்று.
கீழிருந்து மேலே அம்பைப் போடு, போதும்."
மறுத்ததா,
போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியதா?
படிக்கட்டில் நிற்கும் ஒருத்தியின் ஒரே ஒரு புகைப்படம்,
அவள் ஏறுகிறாளா இறங்குகிறாளா, சொல்லுங்கள் என்றேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.

ஆறரை மணிக்கு அம்பின் தலையை அழித்தேன்.
மிஞ்சியது ஒரு கோடு, இரு பக்கமும் மொட்டை.
அடியில் எழுதினேன்: திசை தெரியவில்லை.
இரண்டு சொல், மூன்று மாதச் சம்பளம்.

டிராமில் எதிர் இருக்கையில் ஒரு பெண்.
மடியில் துணிப்பை, பைக்கு வெளியே மீன் வால்.
அறுபது இருக்கும். கோட்டு இடுப்பில் தளர்ந்திருந்தது.
அவளாக இருக்காது,
அவள் இந்நேரம் மூன்றாவது மாடி வார்டில்
தண்ணீருக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருப்பாள்.
இருந்தாலும் வண்டி நின்று
இவள் கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்தபோது
வழிவிட்டு, கையும் நீட்டினேன்.

"எதற்கு?" என்றாள், பையை நகர்த்தி
வசதியாக உட்கார்ந்துகொண்டே.
"இப்போதுதானே ஏறினேன்."