விடுவோம், கொண்டிருப்போம்

இரவு ஒன்று பத்து.
தாலின் துறைமுகத்துக்கு வெளியே, பிப்ரவரிக் கடலில்
எங்கள் கப்பல் நின்றுபோயிருக்கிறது.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பயணிகள். ஒரு எஞ்சின்.
அலுவலகத்தில் நானும் காப்பி இயந்திரமும்.
அறிக்கை எழுதுவது என் வேலை:
மூன்று மொழிகளில், இருபது நிமிடத்தில்,
யாரும் பயப்படாதபடி,
யாரும் வழக்குப் போடாதபடி.

வேலைக்கு வந்த புதிதில்
ஃபின்னிஷ் பாதி தெரியும் என்று நினைத்திருந்தேன்.
எங்கள் எஸ்தோனியனுக்கு அது பங்காளி வீடு.
இடையில் ஒரு சுவர்தான், பேச்சு கேட்கும்.
பங்காளியிடம்தான் ஏமாறுவோம்.
ஹெல்சிங்கியிலிருந்து வந்த குறிப்பில் ‘புல்மா’ என்று இருந்தது.
அவர்களுக்கு அது சிக்கல். எங்கள் காதில் கல்யாணம்.
‘கப்பலில் ஒரு சிறு கல்யாணம், அதனால் தாமதம்’ என்று
வெளியிட்டேன்.
நாற்பது பேர் வாழ்த்து அனுப்பினார்கள்.
மணமானவர்கள் சிலர், இரண்டும் ஒன்றுதானே என்று எழுதினார்கள்.
இயக்குநர் ராய்வோ மட்டும் வாழ்த்தவில்லை.

மறுவாரம் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.
ஃபின்னிஷ் முடிந்ததும் ரஷ்யன்.
என் பெற்றோருக்குப் பள்ளியில் அதைத் திணித்தார்கள்;
எனக்கு யாரும் திணிக்கவில்லை, கட்டணம் கட்டினேன்.
மருந்துக்கடைக்கு மேலே அறை. பக்கத்தில் ஒரு பல் மருத்துவர்,
‘வாயைத் திறங்கள்’ மட்டும் போதும் என்று வந்தவர்,
இரண்டு வருடம் இருந்துவிட்டார்.

ரஷ்யனில்
சரிசெய்துவிடுவோம் என்பதற்கு ஒரு வினை,
சரிசெய்துகொண்டிருப்போம் என்பதற்கு வேறொரு வினை.
நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை.
என் மொழியிலோ எதிர்காலமே கிடையாது.
நாளை வருவதையும் ‘வருகிறோம்’ என்போம்.
அறிக்கை எழுதுகிறவளுக்கு
இதைவிடச் சொகுசு உண்டா?

‘சரிசெய்கிறோம். அவ்வளவு போடு’ என்கிறார் ராய்வோ, தொலைபேசியில்.
எஸ்தோனியனில் போட்டாயிற்று. ஃபின்னிஷிலும்.
ரஷ்யனில் விரல் நின்றுவிட்டது.

கப்பலைக் கூப்பிட்டேன்.
‘வெய்க்கோ, ஓர் இலக்கணச் சந்தேகம்.’
எஞ்சின் அறையிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது
(வகுப்பில் சொல்லித்தராதது, புரிந்தது).
‘விடுவீர்களா, கொண்டிருப்பீர்களா?’
சத்தம். இரும்பு எங்கோ இரும்பில் மோதியது.
‘கொண்டிருப்போம்’ என்றார்,
‘விடியும்வரை. அப்புறமும்.’

ரஷ்யனை எழுதி முடித்துவிட்டு
என் மொழிக்குத் திரும்பியபோதுதான் பார்த்தேன்:
அந்த வேறுபாடு இங்கேயும் உண்டு.
வினையில் இல்லை; மோட்டார் என்ற சொல்லின் வாலில்,
ஒற்றை ‘த்’.
அது இருந்தால் வேலை முடியாது, போனால் முடிந்துவிடும்.
பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாயில் இருந்த எழுத்து.
அந்நிய மொழி ஒன்று வந்து
அதோ பார் என்றது.
ராய்வோவின் வாக்கியத்தில் மோட்டாரே இல்லை.
மோட்டாரைப் போட்டேன். ‘த்’ போட்டேன்.
இழுவைப் படகு ஆறு மணிக்கு வரும், போர்வையும் சூப்பும் இலவசம் என்று சேர்த்தேன்.
தொடர்புக்கு: லீலோ.

ஒன்று நாற்பதுக்கு மணி அடித்தது. ஒரு பெண், ரஷ்யனில்,
குழந்தை அழும் சத்தத்துக்கு மேலே:
‘ஆறு மணிவரை ஒன்றும் நடக்காது என்றால்
நாங்கள் தூங்கலாம், இல்லையா?’

தூங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்து,
நிறுத்தி,
வினையை மாற்றினேன்.
‘தூங்கிவிடுங்கள்.’